தேய்மானம் யார் கணக்கில்?

போன வாரம் அன்னூரில் ஒரு தெரட்டிச் சீர். நெருங்கிய சொந்தம். போகாவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு என் வீட்டு விசேஷத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதால், விடியற்காலையிலேயே காந்திபுரத்தில் சத்தி பஸ் ஏறிவிட்டேன்.

கையில் ஒரு பத்திரிகையின் இலவச இணைப்பு. அதில் நடுப்பக்கம் முழுக்க ஒரு கட்டுரை. “ஹார்மோன்கள் ஹேப்பியா இருக்க பத்து பழக்கங்கள்”. பக்கத்தில் ஒரு பெண் பச்சை ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். இந்த மாதிரிக் கட்டுரைகளில் வருகிற பெண்கள் எல்லாம் ஏன் ஆப்பிளைப் பார்த்தே சிரிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியாத மர்மம்.

இரவு பத்து மணிக்குள் தூங்கப் போங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். காலை வெயிலில் அரை மணி நேரம் நடங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மன அழுத்தத்தைத் தவிருங்கள்…

கோவில்பாளையம் தாண்டி ஒரு ஸ்டாப்பில் நாலைந்து பெண்கள் ஏறினார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் துணுக்கு. ஒரு பெண் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். இருபது, இருபத்தொன்று இருக்கும்.

“அண்ணா, அந்தப் பக்கத்தக் குடுங்க, பாத்துட்டுத் தர்றனுங்க” என்றாள்.

கொடுத்தேன். முதல் நாலு வரி படித்திருப்பாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“ஏம்மிணி, புடிக்கலியா?”

“இல்லீங்ணா… பத்து மணிக்குத் தூங்கோணுமாமாங்க. பத்து மணிக்குத்தானுங்ணா நான் உள்ளயே போறேன்.”

முழு நைட். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை. ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிற வேலை. அடுத்த வாரம் பகல் ஷிஃப்ட். அதற்கடுத்த வாரம் அரை நைட். கம்பெனி வண்டி ரிப்பேர் என்பதால் அன்றைக்கு பஸ். சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

ஆப்பிள் பெண் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

*

சீர் வீட்டில் தடபுடல். பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை, பூ ஜடை, தாய்மாமன் தட்டு. ஒரு அத்தை கருப்பட்டி போட்ட உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெயை ஊற்றி ஊட்டிக்கொண்டிருக்கிறார். “இடுப்புக்குப் பலம் கண்ணு, இன்னொரு வாய்” என்று கெஞ்சல். அந்தப் பெண்ணை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. நல்ல விஷயம்தான். பதிமூன்று வயதுப் பெண்ணுக்குப் புரதமும் கொழுப்பும் ஓய்வும் வேண்டும் என்பதை எந்த எண்டோகிரைனாலஜிஸ்ட்டும் மறுக்கப்போவதில்லை. ஊர்கூட்டி, ஃப்ளெக்ஸ் அடித்துச் சொல்ல வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

பந்தியில் எனக்கு எதிரே ஒரு பெரியவர். எனக்கு மாமன் முறை. பஞ்சு, நூல், மில் என்று நாலு தலைமுறைத் தொழில். இலையில் அரிசிம்பருப்பு சாதம் விழுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“என்ன மாப்ள, இப்பத்த புள்ளைகளுக்கெல்லாம் பாரு, பாதிப் பேருக்குத் தைராய்டு. பாதிப் பேருக்கு அதென்னமோ பி.சி.ஓ.டி.ங்கறான். எல்லாம் பழக்கவழக்கம் சரியில்ல. பீஸா திங்குதுக, ராத்திரி பூராவும் செல்லு பாக்குதுக. எங்கம்மாயி காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? எட்டு மணிக்குப் படுத்தா கோழி கூப்பிட எந்திரிப்பாங்க!”

நான் கேட்டேன். “மாமா, உங்க மில்லுல ராத்திரி எட்டு மணிக்கு மெஷினெல்லாம் படுத்துக்குமுங்களா?”

மாமா ரசத்துக்குப் போய்விட்டார்.

*

மாமா சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. தூக்கம் கெட்டால் ஹார்மோன் கெடும். சத்தியமான உண்மை. நம் மூளைக்குள் கண் நரம்புகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்து அது நேரம் வைத்துக்கொள்ளும். இருட்டினால் மெலடோனின் சுரக்கச் சொல்லும். விடியும் நேரத்தில் கார்டிசாலை ஏற்றி நம்மை எழுப்பிவிடும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசே கொடுத்தார்கள்.

இந்தக் கடிகாரத்தில் கை வைத்தால் என்ன ஆகும்?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு ஆரோக்கியமான வாலிபர்களை இரண்டே ராத்திரி, நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். போதும் போதும் என்று சொல்கிற லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் இறங்கியது. பசி பசி என்று கத்துகிற கிரெலின் 28 சதவீதம் ஏறியது. 2004இல் வெளிவந்த ஆய்வு. ராத்திரி கண் முழித்தவன் காலையில் பேக்கரி வாசலில் டீயும் தேங்காய் பன்னுமாக நிற்பது நாக்கு ருசிக்காக மட்டுமில்லை ஐயா… ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோன் அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துகிறது.

பெண்களுக்கு? ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் அமெரிக்க நர்ஸுகள் 71,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2011இல் ஒரு ஆய்வு வந்தது. மாறும் ஷிஃப்டில் எத்தனை மாதம் கூடுதலாக இருந்தார்களோ, மாதவிலக்கு தாறுமாறாவதும் அவ்வளவு கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, உடல் கடிகாரத்தைக் குலைக்கிற இரவு வேலையை “புற்றுநோய் உண்டாக்கக்கூடும்” என்ற பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடியும் கூடிப் பேசி, அதே பட்டியலில்தான் வைத்தது.

ஆம்பளைகளே, மீசையை முறுக்கிக்கொண்டு “இது பொம்பளைங்க சமாச்சாரம்” என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கிய பத்து வாலிபர்களுக்குப் பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. இதுவும் சிகாகோதான், 2011. ஹார்மோன் என்பது புடவை கட்டியவர்களுக்கு மட்டும் ஆண்டவன் கொடுத்த அவஸ்தை அல்ல.

ஆக, தூங்கு என்பது சரி. நேரத்துக்குச் சாப்பிடு என்பது சரி. காலை வெயிலில் நட என்பதும் சரி. ஆனால், அதை யாரிடம் சொல்கிறோம்? ராத்திரி பத்து மணிக்கு மில் கேட்டுக்குள் போகிறவளிடம். அவளுடைய தூக்கத்தை விலைக்கு வாங்கியவனிடம் மட்டும் சொல்வதே இல்லை.

*

நான் பி.காம். டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது வரவு, செலவு, ஐந்தொகை. அதில் முதல் வருஷம் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறை. ஒரு இடத்தில் வரவு விழுந்தால் இன்னொரு இடத்தில் பற்று விழுந்தே தீரும். காற்றிலிருந்து லாபம் வராது.

இன்னொரு பாடம் தேய்மானம். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அது தேயும். அந்தத் தேய்மானத்தைச் செலவாகக் காட்டி, அதற்கு வரிச் சலுகைகூட வாங்கிக்கொள்ளலாம். ஸ்பிண்டிலுக்குத் தேய்மானம் உண்டு. ஜெனரேட்டருக்கு உண்டு. முதலாளி ஏறிப் போகிற காருக்கு உண்டு.

மெஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்கிற பெண்ணுக்கு?

எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் அவளும் தேய்கிறாள். அந்தச் செலவு எங்கேயாவது பற்று வைக்கப்பட்டே ஆக வேண்டுமே! நாலு வருஷம் கழித்து, அவள் கட்டிக்கொண்டு போகிற வீட்டில் வைக்கிறார்கள். “ஏன் இன்னும் குழந்தை நிக்கல?” என்று மாமியார் கேட்கிற கேள்வியில் வைக்கிறார்கள். நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுக்கிற செலவில் வைக்கிறார்கள். கடைசியில் நம் ஆப்பிள் அம்மணி வந்து, “உங்கள் பழக்கவழக்கத்தை மாற்றுங்கள்” என்று ஆடிட் ரிப்போர்ட் கொடுக்கிறார்.

லாபம் மில்லுக்கு. தேய்மானம் அவளுக்கு. அட்வைஸ் நமக்கு இலவச இணைப்பு.

*

இதெல்லாம் கற்பனை என்பவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம்.

கோயமுத்தூரில் முதல் நூற்பாலை 1888இல் வந்தது, ஸ்டேன்ஸ் துரை காலத்தில். ஆனால் மில்கள் காளான் மாதிரி முளைத்தது 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். கரண்ட் வந்தது, மெஷின் ஓடியது, பல்பு எரிந்தது. அதோடு ராத்திரி என்பதும் விற்பனைக்கு வந்துவிட்டது.

1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், பெண்களை இரவு ஏழு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தது. சும்மா செய்யவில்லை. வண்டி வசதி, பாதுகாப்பு, ஓய்வறை, மருத்துவ வசதி என்று ஒரு நீளப் பட்டியலே போட்டது. பகலிலிருந்து இரவுக்கு ஷிஃப்ட் மாற்றினால் நடுவில் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றும் சொன்னது.

கேட் திறந்துவிட்டது என்பது மட்டும் நம்மவர்கள் காதில் நன்றாக விழுந்தது. பட்டியல் விழவில்லை.

அப்புறம் வந்தது சுமங்கலித் திட்டம். என்ன அழகான பெயர்! கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மில்களுக்குத் தென் மாவட்டங்களிலிருந்து பதினாலு, பதினைந்து வயதுப் பெண்களையெல்லாம் கூட்டிவந்தார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் 30 ஆயிரம், 50 ஆயிரம் என்று மொத்தமாகக் கையில். கல்யாணச் செலவுக்கு ஆகுமாம். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961இலேயே சட்டம் வந்த நாட்டில், வரதட்சணைக்கென்றே ஒரு வேலைத் திட்டம்! நடுவில் ஓடிப்போனால் அந்தப் பணமும் இல்லை. 2011இல் நெதர்லாந்துக்காரர்கள் அறிக்கை போட்டு உலகமெல்லாம் சிரித்த பிறகுதான் போர்டைக் கழற்றினார்கள். இன்றைக்கு ஹாஸ்டலில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாஷை மாறியிருக்கிறது. ஷிஃப்ட் மாறவில்லை.

அடுத்ததுதான் எனக்கு வயிறு எரிகிற சமாச்சாரம்.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் நூறு பெண்களைச் சந்தித்துப் பேசியது. மாதவிலக்கு வயிற்று வலி என்று போனால் எல்லோருக்கும் வேலை இடத்தில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அட்டை கிடையாது. பெயர் கிடையாது. காலாவதித் தேதி கிடையாது. வாயில் போடு, தண்ணி குடி, மெஷினுக்குப் போ. அவ்வளவுதான் வைத்தியம். டாக்டர்களிடம் காட்டியபோது, அவை ஐப்யூபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் என்று தெரிந்தது. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் அதற்குப் பிறகு உடம்பு கெட்டதாகச் சொன்னார்கள்.

ஐப்யூபுரோஃபென் விஷம் இல்லை. டாக்டர் சொல்லி, சாப்பிட்ட வயிற்றில், இரண்டு நாள் போடலாம். ஆனால் காலியான வயிற்றில் மாதா மாதம் கணக்கில்லாமல் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். மாத்திரையின் பெயரே தெரியாதவளுக்கு இதை யார் சொல்வது?

வலி என்பது உடம்பு கொடுக்கிற லீவு லெட்டர். அதை வாங்கிப் பார்க்காமலே கிழித்துப் போடுவதற்கு ஒரு வெள்ளை மாத்திரை.

இதுவும் ஒரு பழக்கம்தான் மாமா. யாருடைய பழக்கம் என்பதுதான் கேள்வி.

*

“அப்போ பொம்பளைங்களுக்கு நைட் ஷிஃப்டே கூடாதுங்கறியா? மறுபடியும் அடுப்பங்கரைக்கே போகச் சொல்றியா?” என்று ஒரு தோழி சண்டைக்கு வருவார். அவர் கேட்பது நியாயம்.

இல்லவே இல்லை. 2000ஆம் வருஷத் தீர்ப்பு சரி என்றுதான் நானும் சொல்கிறேன். ராத்திரி வேலை பார்க்கிற நர்ஸ் இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் உயிரோடு இருக்கமாட்டோம். தடை போட்டால் முதலில் போவது அந்தப் பெண்ணின் சம்பளம்தான். பஸ்ஸில் தூங்கிய அந்த அம்மிணிக்கு அந்தச் சம்பளம் வேண்டும். அவள் வேலையைப் பிடுங்குவதற்காக நான் எழுதவில்லை.

நான் கேட்பது வேறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், பெண்கள் சம்மதித்தால் எல்லா இடத்திலும் இரவு வேலை பார்க்கலாம் என்று இருக்கிறது. சம்மதம்! ஹாஸ்டலும் மில்லுடையது, சோறும் மில்லுடையது, ஊருக்குப் போகிற லீவும் சூப்பர்வைசர் கையில். அந்த இடத்தில் ஒரு பெண் “சம்மதமில்லீங்க” என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே வேலையில் இருக்க முடியுமா? முடியும் என்றால் அது சம்மதம். முடியாது என்றால் அது வெறும் கையெழுத்து.

வாரா வாரம் ஷிஃப்டைப் பம்பரம் மாதிரி சுற்றாதே. சுற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பகல், அரை நைட், முழு நைட் என்று முன்னோக்கிப் போ, பின்னோக்கி இழுக்காதே. நடுவில் ஒழுங்கான இடைவெளி கொடு. பகலில் தூங்குகிறவளுக்கு இருட்டான ஒரு அறை கொடு. ஒரே பாயில் மூன்று ஷிஃப்ட்காரிகள் மாறி மாறிப் படுக்கிற இடத்துக்கு ஹாஸ்டல் என்று பெயர் வைக்காதே. ராத்திரி கேண்டீனில் டீ, வடையோடு ஒரு முட்டையோ சுண்டலோ போடு. மாத்திரை கொடுத்தால் அட்டையோடு கொடு, எழுதிக் கொடுத்தது யார் என்று நோட்டில் எழுது. இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். மனசாட்சி உள்ள ஒரு லேபர் ஆபீஸர் போதும்.

நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தை 12 மணி நேரமாக நீட்ட வழி செய்கிற மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் போட்ட சத்தத்தில் பத்து நாளில் நடந்த அதிசயம் அது. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்தது. ஸ்டூலுக்கே சட்டம் வந்த ஊரில் தூக்கத்துக்கு வராதா?

*

சரி, நகரத்து வாசகரே… “நமக்கும் மில்லுக்கும் என்ன சம்பந்தம், நான் சரவணம்பட்டியில் ஐ.டி.யில் இருக்கிறேன்” என்கிறீர்களா?

உங்கள் ஷிஃப்டை நியூயார்க் வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணின் ஷிஃப்டை அன்னூர் வைத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்குக் கூடுதலாக ஒரு வியாபாரம் காத்திருக்கிறது. இந்த மாதம் இந்த விதை, அந்த மாதம் அந்த விதை என்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள். முடிக்கு ஒரு பயோட்டின் மிட்டாய். அந்த பயோட்டினை அளவுக்கு மேல் தின்றால் தைராய்டு டெஸ்ட் ரிப்போர்ட்டே தப்பாக வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017லேயே எச்சரித்தது. ஹார்மோனைச் சரி செய்ய வாங்கியது, ஹார்மோன் டெஸ்டைக் கெடுக்கிறது. நல்ல கூத்து.

காசில்லாத வைத்தியம் நிஜமாகவே இருக்கிறது. ராத்திரி சோற்றைச் சீக்கிரம் முடிப்பது. செல்போனைப் படுக்கைக்கு வெளியே வைப்பது. விடிந்ததும் வாசலில் நிற்பது. நடப்பது. கம்பங்கூழ், கொள்ளுப் பருப்பு, முட்டை என்று நம் அம்மாயிகள் தின்றதைத் தின்பது. மாதவிலக்கு மாசக்கணக்கில் தள்ளிப்போனால் விதையைத் தேடாமல் டாக்டரைத் தேடுவது. எல்லாம் சரி. கட்டாயம் செய்யுங்கள்.

செய்வதற்கு முன்னால் உங்கள் வீட்டையே ஒரு மில்லாக நினைத்து ஆடிட் செய்து பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவர் யார்? காலை நாலரைக்கு டிபன் பாக்ஸ் கட்ட எழுந்திருக்கிறவர் யார்? எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடுகிறவர் யார்? அந்த ஒரே ஆளுக்குத்தான் தைராய்டு என்றால், மாற வேண்டியது அவருடைய பழக்கமா, உங்களுடையதா?

பந்தி முடிந்து கை கழுவும்போது மாமா பக்கத்தில் வந்து நின்றார். “மாப்ள, நீ சொல்றது வாஸ்தவம்தான். ஆனா பத்து மணிக்கு மெஷின நிறுத்துனா கட்டுபடி ஆகாது பாரு.”

“மெஷின நிறுத்த வேண்டாமுங்க மாமா. அந்தப் புள்ளைக தேய்மானத்த உங்க புக்குல எழுதுங்க போதும்.”

திரும்பி வரும்போது அன்னூர் பஸ் ஸ்டாண்டில் மணி இரண்டு. அந்த அம்மிணி இந்நேரம் வீட்டில் படுத்திருப்பாள். வெளியே கொளுத்துகிற வெயில். தெருவில் யார் வீட்டு மைக்செட்டோ அலறிக்கொண்டிருந்தது. சீர் வீட்டுடையதுதான்.

அதை நிறுத்தச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். என் கணக்கிலும் ஒரு பற்று எழுதிக்கொள்ளுங்கள்.